ஆதித் திருச்சபை எப்படிப் பரவியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. 30-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எருசலேமில் ஒரு மேல்வீட்டில் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 120 பேர். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய மாமன்றத்துக்கு ஸ்பெயினிலிருந்தும் எகிப்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் சபைத் தலைவர்கள் வந்தார்கள். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் நடந்ததைப் பற்றிச் சபை வரலாற்று வகுப்புகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றை அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பெயர்களைப் பெரும்பாலும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் உள்ளபடி எழுதியிருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் அப்போஸ்தலரைத் திருத்தூதர் என்றும் ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்றும் படித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

கி.பி. 300-இல் ரோமப் பேரரசின் மக்கள்தொகை சுமார் ஆறு கோடி, அதில் பத்தில் ஒருவர் கிறிஸ்தவர் என்பது பலர் ஏற்கும் மதிப்பீடு. அமெரிக்கச் சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க் இதற்கு ஓர் எளிய கணக்குப் போட்டார். கி.பி. 40-இல் 1,000 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 40 விழுக்காடு கூடினால் 300-ஆம் ஆண்டில் தொகை 60 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. பெந்தெகொஸ்தே நாளில் மட்டும் ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்ததாகப் புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. அந்த எண்ணிலிருந்து தொடங்கினால் இதைவிடக் குறைந்த வேகமே போதும்.

நாற்பது விழுக்காடு என்றதும் மலைத்துவிட வேண்டாம். ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடுகூட ஆகாது. நூறு பேர் உள்ள சபையில் ஓராண்டில் மூன்று பேர், நல்ல ஆண்டானால் நான்கு பேர். அதே கணக்குப்படி கி.பி. 100-இல் பேரரசு முழுவதையும் சேர்த்தால் எட்டாயிரம் பேர்கூட இல்லை. பவுல் இறந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் இவ்வளவுதான்! அன்றைய ரோமக் குடிமகன் ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரு கிறிஸ்தவரைக்கூடச் சந்திக்காமல் இறந்திருக்கலாம்.

பவுலும் பேதுருவும்தானே சுவிசேஷத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்?

நானும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் பவுலின் பயணங்கள் சிவப்பு, நீலம், பச்சைக் கோடுகளாக இருந்தன. கோடு போகாத ஊரில் சபை இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபின் எருசலேம் சபைக்குப் பெரிய துன்பம் வருகிறது. அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் யூதேயாவிலும் சமாரியாவிலும் சிதறிப்போகிறார்கள். சிதறிப்போனவர்கள் எங்கும் திரிந்து வசனத்தைச் சொல்கிறார்கள். அந்த "தவிர" என்ற சொல்லை எத்தனை பேர் கவனித்திருப்போம்? அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருக்கிறார்கள். ஊரைவிட்டு ஓடியவர்கள்தாம் செய்தியைச் சுமந்துபோனார்கள்.

பதினொன்றாம் அதிகாரம் இன்னும் தெளிவு. பேரரசின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றான சீரியாவின் அந்தியோகியாவில், யூதர் அல்லாத கிரேக்கர்களிடம் முதலில் பேசத் துணிந்தவர்கள் யார்? "சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாருமாகிய சிலர்." அவ்வளவுதான் நடபடிகளின் ஆசிரியர் லூக்கா எழுதுகிறார். பெயர் இல்லை. அந்தச் செய்தி எருசலேமை எட்டியபிறகே பர்னபா அனுப்பப்படுகிறார். பர்னபா தர்சுவுக்குப் போய்ப் பவுலைத் தேடி அழைத்துவருகிறார். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் பிறந்ததும் அந்த ஊரில்தான்.

ரோம் நகரச் சபையும் அப்படியே. பவுல் கி.பி. 57 வாக்கில் ரோமருக்குக் கடிதம் எழுதும்போது அவர் அந்த நகரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அங்கே சபை இருக்கிறது. கடைசி அதிகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். சில ஆண்டுகள் கழித்து அவர் கைதியாகக் கப்பலில் வந்து இத்தாலியின் புத்தேயோலித் துறைமுகத்தில் இறங்கியபோது, அங்கேயும் சகோதரர்கள் இருந்தார்கள். ஏழு நாள் தங்களோடு தங்கும்படி அவரை வேண்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு மாலுமியோ, தானியக் கப்பலில் வந்த ஒரு வியாபாரியோ, எசமானோடு இடம் மாறிய ஓர் அடிமையோ. திருச்சபையின் வளர்ச்சியை யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தப் பெயரில்லாதவர்களிடம் போய் நின்றுவிடுகிறது.

அப்படியானால் பவுலின் பங்கு சிறியதா?

இல்லவே இல்லை. யூதர் அல்லாதவர்கள் விருத்தசேதனம் இல்லாமலே சபையில் முழு உரிமையோடு இருக்கலாம் என்பதற்காக அவர் போராடினார். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய ஆலோசனைச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வாசல் திறந்திருக்காவிட்டால் இது யூத சமயத்துக்குள் ஒரு சிறு பிரிவாகவே நின்றிருக்கும்.

அவர் வேலை செய்த முறையும் கவனிக்கத்தக்கது. கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர். கொரிந்துவில் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கி வேலை செய்தார். கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியதால் அங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அதே கொரிந்துவில் பவுலை விசாரித்த ஆளுநர் கல்லியோனின் பெயர் கிரேக்கத்தின் டெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதைக் கொண்டு அவர் பதவியில் இருந்தது கி.பி. 51, 52 வாக்கில் என்று கணிக்கிறார்கள். பவுலின் வாழ்க்கைக்கு நமக்குக் கிடைத்த உறுதியான காலக்குறி இது.

சாலைகளும் கிரேக்க மொழியும் எவ்வளவு உதவின?

நிறைய. மத்தியதரைக் கடல் முழுவதும் ஒரே ஆட்சி. கடற்கொள்ளை அடங்கியிருந்தது, கல் பாவிய சாலைகள் இருந்தன. சந்தைக் கிரேக்கம் அலெக்சாந்திரியாவிலும் பேசப்பட்டது, ரோமின் சேரிகளிலும் பேசப்பட்டது. ஆனால் சாலை எல்லாருக்கும் பொது. மித்ரா வழிபாடும் இசிஸ் வழிபாடும் அதே சாலைகளில்தான் பயணம் செய்தன.

சாலைகளைவிட முக்கியமாக நான் நினைப்பது யூத ஜெப ஆலயங்களை. பேரரசின் பெருநகரங்களில் எல்லாம் அவை இருந்தன. எபிரெய வேதம் அங்கே கிரேக்கத்தில் வாசிக்கப்பட்டது. யூதராக மாறாமலே ஒரே கடவுள் என்ற கருத்தால் ஈர்க்கப்பட்டு வந்து உட்கார்ந்து கேட்ட பிற இனத்தவர்கள் இருந்தார்கள். தேவபக்தியுள்ளவர்கள் என்று நடபடிகள் அவர்களைக் குறிக்கிறது. செய்தியைப் புரிந்துகொள்ளத் தேவையான சொற்கள் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. யூத சமூகம் உழுது வைத்திருந்த நிலத்தில்தான் திருச்சபை முளைத்தது. பிற்காலத்தில் சபை அந்தக் கடனை மறந்து யூதர்களைப் பகைத்தது. அது நம் வரலாற்றின் பெரும் பாவம்.

ஆலயக் கட்டடங்கள் இல்லாமல் எங்கே கூடினார்கள்?

வீடுகளில். ஞாயிறு அன்று விடுமுறையும் கிடையாது. அது வேலை நாள். ஆகவே விடியுமுன் கூடினார்கள், அல்லது வேலை முடிந்து இரவில் கூடினார்கள்.

வெளியிலிருந்து ஒருவர் பார்த்து எழுதிய காட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. 112 வாக்கில் கருங்கடலோரப் பித்தினியா, பொந்து மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு குறிப்பிட்ட நாளில் பொழுது விடியும் முன் இவர்கள் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மறுபடி கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டதாக அவர் சொல்வது இவ்வளவுதான். நகரங்களில் மட்டுமின்றிக் கிராமங்களிலும் இது பரவிவிட்டது என்றும், கோவில்கள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தன என்றும் அவர் கவலைப்படுகிறார்.

அந்தக் கடிதத்தில் என்னை எப்போதும் நிறுத்திவிடும் ஓர் இடம் உண்டு. உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகப் பிளினி எழுதுகிறார். அவர்கள் சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளுக்குச் சமமான அடிமைப் பெண்கள், அந்தச் சபையில் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைப் பிளினி எழுதவில்லை.

இது ஏழைகளுக்கும் அடிமைகளுக்குமான இயக்கமாக இருந்ததா?

எதிரிகள் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். கம்பளி வேலை செய்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், எழுத்தறிவில்லாத பட்டிக்காட்டார் ஆகியோர் எசமானர் முன்னிலையில் வாய் திறப்பதில்லை என்றும், குழந்தைகளும் பெண்களும் தனியே கிடைத்தால் மட்டும் போதிக்கத் தொடங்குகிறார்கள் என்றும் அதில் ஏளனம் செய்தார். அந்த நூல் அழிந்துவிட்டது. அதற்கு மறுப்பு எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஒரிகேன் வரிக்கு வரி மேற்கோள் காட்டியதால் இந்தப் பகுதி நமக்குக் கிடைத்தது.

ஏளனத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், சபை எப்படிப் பரவியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எங்கும் இல்லை. தொழிற்கூடம், வீட்டின் உள்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில்தான் பேச்சு நடந்தது.

வசதியானவர்களும் இருந்தார்கள். பிலிப்பியில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத்துணி விற்ற லீதியாள், கொரிந்து நகரத்துக் கருவூலப் பொறுப்பில் இருந்த ஏரஸ்து போன்றவர்கள் உதாரணம். இவர்களுடைய வீடு இல்லையென்றால் கூட இடம் ஏது? ஒரே மேசையில் வீட்டுக்காரரும் அவருடைய அடிமையும் அமர்வது எளிதாக இருக்கவில்லை. கொரிந்துவில் பணக்காரர் முன்னதாகவே வந்து தின்று குடித்துவிட, பின்னால் வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். சபை அடிமை முறையை ஒழிக்கவும் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

இல்லாத இடமே இல்லை. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் முதலாவதாக அறிமுகப்படுத்துவது கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை. அந்தக் கடிதத்தை ரோமுக்குச் சுமந்துசென்றவர் அவரே என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பெண்கள் பெருமளவில் வந்ததற்கு வாழ்க்கைக் காரணங்களும் இருந்தன. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் கடிதம் ஒன்று கி.மு. 1-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேலைக்காக அலெக்சாந்திரியாவில் இருந்த ஹிலாரியன், கருவுற்றிருந்த அலிஸுக்கு அன்பொழுக எழுதுகிறான்: ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் எறிந்துவிடு. கொடியவன் எழுதிய கடிதம் என்று எண்ண வேண்டாம். அன்றைய வழக்கம் அது. பிறந்த குழந்தையை வெளியே போடுவதை யூதர்கள் மறுத்தார்கள். அவர்களிடமிருந்து வந்த கிறிஸ்தவர்களும் உறுதியாக மறுத்தார்கள். பெண் குழந்தைகள் பிழைத்த வீடுகளில் அடுத்த தலைமுறைத் தாய்மார்கள் இருந்தார்கள். கணவன் மனைவிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆண்களிடமும் கேட்ட சமூகம் அது. மறுமணம் செய்யாத விதவைக்குச் சோறு போடவும் அது தயாராக இருந்தது.

தன் கையாலேயே தன் கதையை எழுதிவைத்த பெண்ணும் உண்டு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் கி.பி. 203-இல் கொல்லப்பட்ட பெர்பெத்துவாவுக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. சிறைக்குள் பாலுக்கு அழும் கைக்குழந்தை, காலில் விழுந்து கெஞ்சும் தந்தை, இரவில் வரும் கனவுகள் என எல்லாவற்றையும் அவள் எழுதியிருக்கிறாள். அவளோடு இறந்த பெலிசித்தா ஓர் அடிமைப் பெண். சிறையில் பிள்ளை பெற்றாள்.

முந்நூறு ஆண்டும் விடாமல் துன்புறுத்தப்பட்டார்களா?

இல்லை. நீண்ட அமைதிக் காலங்கள் இருந்தன; நடுநடுவே அங்கங்கே வெறியாட்டம். கி.பி. 64-இல் ரோம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். ஆனால் அது அந்த நகரத்தோடு நின்றது. பிளினிக்கு டிராஜன் எழுதிய பதிலில், இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகார்களை ஏற்க வேண்டாம், ஆனால் குற்றம் நிரூபணமாகி விடாப்பிடியாக நின்றால் தண்டிக்க வேண்டும் என்று இருந்தது. அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளும்வரை உயிர் பிழைக்கலாம் என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள். பஞ்சமோ வெள்ளமோ வந்தால் கதை மாறிவிடும். கி.பி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில் கலவரம் மூண்டபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய சபைத் தலைவர் பொத்தீனுஸ் சிறையில் இறந்தார். பிளாந்தினா என்ற அடிமைப் பெண் அரங்கில் நாள்கணக்கில் வதைக்கப்பட்டாள்.

பேரரசு முழுவதற்குமான முதல் சோதனை பேரரசர் தேக்கியுஸ் காலத்தில் வந்தது. கி.பி. 250-இல் எல்லாக் குடிமக்களும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணை. அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் செய்தேன் என்று எழுதி அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பெருங்கூட்டம் பணிந்துவிட்டது. சிலர் இலஞ்சம் கொடுத்துப் பலியிடாமலே சான்றிதழ் வாங்கினார்கள். அலை ஓய்ந்ததும் அழுதுகொண்டு திரும்பி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதா என்று சபையே இரண்டுபட்டது. கார்த்தேஜ் சபைத் தலைவர் சிப்ரியான் தவம் செய்யச் சொல்லிப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்றார், அவரே கி.பி. 258-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

கிறிஸ்தவர்களின் இரத்தம் விதை என்று கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். வீரச் சாவைக் கண்டு மனம் மாறியவர்கள் உண்டு. ஆனாலும் தவறி விழுந்தவர்களைத் திரும்ப ஏற்றுக்கொண்ட இரக்கமும் சபையைக் காத்தது என்றே நான் கருதுகிறேன். விழாதவர்கள் மட்டும் போதும் என்று சபை முடிவெடுத்திருந்தால் மிஞ்சியிருப்பவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான்.

ஏழைகளுக்கு உதவியதெல்லாம் பிற்காலத்தில் மிகைப்படுத்தப்பட்ட கதையா?

கணக்கேடே இருக்கிறது. கி.பி. 251-ஐ ஒட்டி ரோம் சபைத் தலைவர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில் ஒரு பட்டியல் வருகிறது: 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், அவர்களுக்குக் கீழே பல நிலை ஊழியர்கள். அவர்களோடு சபை பராமரித்துவந்த விதவைகளும் வறியவர்களும் 1,500 பேருக்கு மேல். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, ஞாயிறு காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோருக்குப் போகிறது என்று கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் பேரரசருக்கு விளக்கியிருந்தார். ஏழைகளை அடக்கம் செய்யவும், கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கும், சுரங்கத்துக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர்களுக்கும் அது செலவாகிறது என்று தெர்த்துல்லியன் சேர்த்துச் சொல்கிறார்.

என்னை மிகவும் உருக்கிய ஆவணம் சிர்த்தா நகரத்துடையது. இன்றைய அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்று அழைக்கப்படும் ஊர் அது. கி.பி. 303-இல் பேரரசர் தியோக்லேத்தியன் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் கூடிய வீட்டை அதிகாரிகள் சோதனையிட்டு, கைப்பற்றியதைப் பட்டியலிட்டார்கள். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, விளக்குகள். பிறகு பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. இவை யாருக்காகச் சேர்த்து வைத்தவை என்று அதிகாரி எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அங்கியும் செருப்பும் இல்லாத பெண்கள் அந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பெருங்கொள்ளைநோய் வந்தபோது அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, அவர்களோடு தாங்களும் இறந்தார்கள் என்று அந்நகரச் சபைத் தலைவர் தியொனீசியு எழுதுகிறார். தம் மக்களைப் புகழ்பவரின் எழுத்துத்தான். ஆனால் பகைவரின் வாக்குமூலமும் இருக்கிறது. பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், கி.பி. 362 வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதுகிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம்மவரோ நம்மிடம் உதவி பெறுவதில்லை, இது நமக்கு வெட்கம்.

பிஷப், குருவானவர் என்ற அமைப்பு எப்போது வந்தது?

பவுல் காலத்தில் கண்காணிகள், மூப்பர்கள், உதவிக்காரர்கள் என்ற பெயர்கள் இருக்கின்றன, எல்லைகள் தெளிவாக இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் நகரத்துக்கு ஒரே கண்காணி என்ற வழக்கம் பரவியது. எபிஸ்கோபோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்க்கிறவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் அதைக் கண்காணி என்றே மொழிபெயர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்று ஒலித்த அதே சொல் இது என்பதை நினைக்கும்போது, அந்தப் பதவிக்கு முதலில் இருந்த வேலைத்தள வாசனை நமக்கு எளிதில் புரிகிறது. இந்தத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் ஓயாமல் கடிதம் எழுதினார்கள். ஊர்விட்டு ஊர் போகும் விசுவாசியின் கையில் அறிமுகக் கடிதம் இருந்தால், தெரியாத நகரத்திலும் இரவு தங்க ஒரு வீடு கிடைத்தது.

ரோமப் பேரரசுக்கு வெளியே?

நம் பாடப் புத்தகங்கள் மேற்கையே பார்ப்பதால் இந்தப் பகுதி மறைந்துவிடுகிறது. இன்றைய துருக்கியில் உள்ள எதேசாவில் சீரிய மொழி பேசிய வலுவான சபை இருந்தது, கி.பி. 201-இல் வந்த வெள்ளத்தில் கிறிஸ்தவர்களின் ஆலயம் சேதமடைந்ததாக அந்நகர ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அங்கிருந்து பாரசீகத்துக்குள் போனது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மேனிய அரசர் திரிதாத்து கிரெகோரி என்பவரால் மனம் மாறினார். அதே நூற்றாண்டில் இன்றைய எத்தியோப்பியாவில் அக்சும் அரசர் எசானாவின் நாணயங்களில் பிறையும் வட்டமும் மறைந்து சிலுவை தோன்றுகிறது. அதற்குக் காரணமானவர் தீரு நகரத்து ஃப்ருமென்சியு. சிறுவனாகப் பயணம் வந்தவர், அந்நாட்டில் பிடிபட்டு அரண்மனையில் வளர்ந்தார்.

தோமா இந்தியாவுக்கு வந்தது உண்மையா?

கி.பி. 52-இல் தோமா முசிறிப் பக்கம் வந்திறங்கினார், 72-இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களும் நம் ஊர்க் கிறிஸ்தவர்களும் காத்துவரும் மரபு. எழுத்துச் சான்று என்று பார்த்தால், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதேசாப் பகுதியில் சீரிய மொழியில் எழுந்த "தோமாவின் நடபடிகள்" இருக்கிறது. அதில் தோமா தச்சனாக ஒரு வணிகனிடம் விற்கப்பட்டு, குந்தபார் என்ற இந்திய அரசனிடம் வருகிறார். அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறார். அந்தக் கதையைக் கட்டுக்கதை என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெயருடைய அரசன் முதல் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்டான் என்பதை நாணயங்களும் தக்த்-இ-பாகி கல்வெட்டும் பிறகு காட்டின. அரசன் உண்மை என்பதால் பயணமும் நிரூபணமாகிவிடாது.

வந்திருக்கக் கூடுமா என்றால், தாராளமாகக் கூடும். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலங்களை அகநானூறு முசிறியில் காட்டுகிறது. ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதைக் குறித்துவைத்தார். கி.பி. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொடுத்த செப்பேடு இன்றும் இருக்கிறது.

கடைசியில் கான்ஸ்டன்டைன் பேரரசர்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

கி.பி. 312-இல் மில்வியன் பாலப் போரில் அவர் வென்றார்; 313-இல் மிலானில் வழிபாட்டுச் சுதந்திரம் உறுதியானது. ஆனால் அதற்கு முன்பே, 311-இல், கிறிஸ்தவர்களைக் கடுமையாக வேட்டையாடிய கலேரியுஸ் மரணப்படுக்கையில் வேட்டையை நிறுத்தி, அரசுக்காகவும் ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அழிக்க முடியாது என்று பேரரசு ஒப்புக்கொண்ட பிறகு வந்தவர் கான்ஸ்டன்டைன். அவருக்குப் பின் வளர்ச்சி வேகம் கூடியது உண்மை. பேரரசு கிறிஸ்தவத்தைத் தன் சமயமாக அறிவித்தது 380-இல் தெயோதோசியு காலத்தில். அதன்பின் மனம் மாறிச் சேர்ந்தவர்களையும் பதவிக்காகச் சேர்ந்தவர்களையும் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. ஆதித் திருச்சபையின் வளர்ச்சி என்று நான் பேசுவது அதற்கு முந்தையதையே.

அந்தக் காலத்து வழிபாட்டு இடம் எதையாவது இன்று பார்க்க முடியுமா?

இரண்டைச் சொல்கிறேன். ஐப்பிராத்து நதிக்கரையில் சீரியாவின் துரா ஐரோப்போஸ் நகரத்தில் ஒரு சாதாரண வீட்டைச் சபைக்காக மாற்றியமைத்திருந்தார்கள். இடைச்சுவரை எடுத்து இரண்டு அறைகளை ஒரே கூடமாக்கினார்கள். ஓர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டினார்கள். கி.பி. 256-இல் பாரசீகப் படையைத் தடுக்க மதிலை ஒட்டி மண்ணைக் கொட்டி மூடியதால் அந்த வீடு அப்படியே புதைந்து பிழைத்தது. 1930-களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. தொட்டிக்குமேல் நல்ல மேய்ப்பன், கடல்மேல் நடக்கும் இயேசு, கல்லறைக்கு வரும் பெண்கள் என்று வரைந்திருந்த சுவரோவியங்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இன்னொன்று இஸ்ரேலில் மெகிதோவில், ஒரு சிறைச்சாலை வளாகத்தில் 2005-இல் கிடைத்தது. கி.பி. 230 வாக்கில் போட்ட மொசைக் தரை அது. ரோம நூற்றுக்கதிபதி ஒருவன் தன் செலவில் அந்தத் தரையைப் போட்டுக்கொடுத்ததாக ஓர் எழுத்து சொல்கிறது. அக்கெப்தூஸ் என்ற பெண் "தேவனாகிய இயேசு கிறிஸ்துவுக்கு" நினைவாக மேசையைக் கொடுத்தாள் என்கிறது இன்னொன்று. மூன்றாவது எழுத்து நான்கு பெண்களை நினைவுகூரச் சொல்கிறது: பிரிமில்லா, கிரியாக்கா, தொரொத்தேயா, கிரெஸ்தே.